கிளிக்கு ஒரு சிறகு பாக்கி

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 36 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய டவுனில் இருக்கிறேன். பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் விளையாட்டாகக் கற்றுக்கொண்டது. அப்போதெல்லாம் ஃப்ரேமில் துணியை மாட்டி உட்கார்ந்தால் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியாது. பருப்பு குழைந்துபோய் அத்தையிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பார்த்தவர்கள் எனக்கும் போட்டுக் கொடு, எனக்கும் போட்டுக் கொடு என்று கேட்க, நான்கு வருடமாக அதுவே தொழிலாகிவிட்டது. முகூர்த்த மாதங்களில் 25,000 ரூபாய் வரை வருகிறது. பெண்ணின் பள்ளிக் கட்டணம் முழுக்க என் ஊசியிலிருந்துதான்.

ஆனால் இப்போது ஃப்ரேமைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. எல்லோரும் பின்ட்ரெஸ்டில் ஒரு படத்தை எடுத்து அனுப்பி "இதே மாதிரி" என்கிறார்கள். இந்த வருடம் மட்டும் அதே மயிலை எத்தனை முறை போட்டேனோ. இரவு ஒரு மணி வரை தனியாக உட்கார்ந்து தைக்கிறேன். எனக்காக ஆரம்பித்த பச்சை பிளவுஸ் ஒன்று இரண்டு வருடமாக பீரோவில் கிடக்கிறது. அதில் ஒரு கிளிக்கு ஒரு சிறகு மட்டும்தான் பாக்கி. அதைக்கூட எடுக்கக் கை வரவில்லை.

"பாசிட்டிவா இரு" என்கிறார் கணவர். அவர் சொல்லி ஒரு வாட்ஸ்அப் குழுவில் 21 நாள் நன்றிச் சவாலில் சேர்ந்தேன். தினமும் ஐந்து நன்றி எழுத வேண்டும். ஒரு கெட்ட நினைப்பு வந்தால் மூன்று நல்ல நினைப்பால் அதை அடிக்க வேண்டுமாம், அது விஞ்ஞானமாம். ஒன்பதாம் நாளில் விட்டுவிட்டேன். இப்போது அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. வருமானம் தரும் தொழிலை வெறுக்கிற நான் நன்றி கெட்டவளா?

இன்னொன்று. என் ஒன்பது வயதுப் பெண் பழைய துணியில் பூ போட்டுப் பார்ப்பாள். ஊக்கப்படுத்தலாம் என்று ஒரு பூவுக்குப் பத்து ரூபாய் தர ஆரம்பித்தேன். முதலில் வேகமாகப் போட்டாள். இப்போது காசு இல்லை என்றால் ஊசியையே தொடுவதில்லை. இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருப்பதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. உங்கள் பெண்ணுக்குப் பத்து ரூபாய் செய்ததும், உங்களுக்கு 25,000 ரூபாய் செய்ததும் கிட்டத்தட்ட ஒரே வேலை. அதற்கு வருவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தாண்டியாக வேண்டும். இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைக் கேட்காமல் மேலே போக மனம் வராது.

வெறுப்பு ஆரி வேலையோடு நிற்கிறதா, எல்லாவற்றிலும் பரவியிருக்கிறதா? தூக்கம், பசி, பிள்ளையோடு சிரிப்பு, கோயில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று எதிலுமே ருசி இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் அதற்குப் பெயர் வேறு. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும், பத்திரிகைக்குக் கடிதம் எழுதினால் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். அதோடு ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு மணி வரை குனிந்து தைக்கும் 36 வயதுப் பெண்ணின் அலுப்பில் பாதி, உடம்பின் அலுப்பாகவும் இருக்கலாம். கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தின் தொனியை வைத்துப் பார்த்தால் பிரச்சினை ஃப்ரேமைச் சுற்றித்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்றுக்கு ஒன்று கணக்கைத் தூக்கிப் போடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்குச் சிரிப்பே வரும். 2005இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்ற உளவியலாளரும் மார்சியல் லோசாடா என்பவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவருடைய வாழ்க்கையில் நல்ல உணர்ச்சிக்கும் கெட்ட உணர்ச்சிக்கும் உள்ள விகிதம் 2.9013ஐத் தாண்டினால் அவர் மலர்வார், குறைந்தால் வாடுவார் என்றார்கள். மனித மனதுக்கு நான்கு தசம இடம் வரை கணக்கு! திரவங்களின் ஓட்டத்தை விவரிக்கும் சமன்பாடுகளை எடுத்து மனதுக்குப் பொருத்தியிருந்தார்கள். எட்டு வருடம் உலகமே அதை மேற்கோள் காட்டியது. பிறகு நிக் பிரவுன் என்பவர், ஐம்பது வயதைத் தாண்டி உளவியல் முதுகலை படிக்க வந்தவர், இதென்ன கணக்கு என்று தோண்டினார். இயற்பியலாளர் ஆலன் சோகலையும் உளவியலாளர் ஹாரிஸ் ஃபிரீட்மனையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கணிதத்துக்கு அடிப்படையே இல்லை என்று 2013இல் எழுதினார். 2005 கட்டுரையை வெளியிட்டிருந்த ஆய்விதழும் அதன் கணிதப் பகுதியைத் திரும்பப் பெற்றது. நல்ல உணர்ச்சிகள் மனதை விரிவாக்குகின்றன என்ற ஃபிரெட்ரிக்சனின் பொதுவான கருத்து வேறு, அதற்கு ஆதாரங்கள் உண்டு. கெட்ட நினைப்பை எண்ணி எண்ணி அடிக்கச் சொல்லும் சூத்திரம்தான் செத்துவிட்டது. இங்கே வாட்ஸ்அப்பில் மட்டும் அது இன்னும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

நன்றி எழுதுவதற்கும் அந்தக் குழு சொன்ன விதத்துக்கும் கூட தூரம் உண்டு. மார்ட்டின் செலிக்மன் 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவரானபோது, நோயைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறோம், நன்றாக வாழ்வது எப்படி என்பதையும் படிப்போமே என்று கேட்டார். நேர்மறை உளவியல் என்ற துறை அதிலிருந்து வளர்ந்தது. அவரும் நண்பர்களும் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு வாரத்துக்குத் தினமும் இரவு அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். கூடவே அவை ஏன் நடந்தன என்றும் எழுத வேண்டும். அதைச் செய்தவர்களிடம் ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. அந்த "ஏன்" முக்கியம். "கணவருக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி, காற்றுக்கு நன்றி" என்று எழுதினால் அது இம்போசிஷன். "இன்று பக்கத்து வீட்டு அக்கா வந்து அரை மணி நேரம் பேசினார், ஏனென்றால் காலையில் நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன்" என்று எழுதினால் நாளைக்கும் கதவைத் திறந்து வைக்கத் தோன்றும்.

உளவியலாளர் சோன்யா லூபோமிர்ஸ்கியும் அவருடைய குழுவும் இன்னொன்று கண்டார்கள். ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை நன்றி எழுதியவர்களுக்கு மனநலம் கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. எதுவும் அளவுக்கு மிஞ்சினால் சடங்காகிவிடும் என்பது நமக்குப் புதிதா என்ன? தினமும் ஐந்து, 21 நாள் என்று கட்டளை போட்டால் ஒன்பதாம் நாளில் நானும் விட்டிருப்பேன். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. உங்களுக்கு இருந்த குறை வேறு, கொடுத்த மருந்து வேறு. அவ்வளவுதான்.

சரி, அந்தக் குறை என்ன?

1971இல் எட்வர்ட் டெசி என்ற இளைஞர் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது செய்த உளவியல் ஆராய்ச்சியை வெளியிட்டார். சோமா என்று ஒரு புதிர், ஏழு துண்டுகளைச் சேர்த்து விதவிதமான உருவங்கள் செய்ய வேண்டும். விளையாடத் தொடங்கினால் விட மனசு வராது. மாணவர்களை மூன்று தடவை வரவழைத்து அதைச் செய்யச் சொன்னார். நடுவில் ஏதோ சாக்குச் சொல்லி எட்டு நிமிடம் அறையை விட்டு வெளியே போய்விடுவார். மேஜையில் பத்திரிகைகள் இருக்கும். மாணவர் பத்திரிகை படிக்கலாம், சும்மா இருக்கலாம், புதிரைத் தொடரலாம். யாரும் இல்லாத அந்த எட்டு நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் உண்மையான சோதனை. இரண்டாம் தடவை ஒரு பிரிவினருக்கு மட்டும் முடித்த ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டாலர் கொடுத்தார். மூன்றாம் தடவை காசு கிடையாது என்றார். காசு வாங்கிப் பழகியவர்கள் அந்த எட்டு நிமிடத்தில் புதிரைத் தொட்ட நேரம் முன்பைவிடக் குறைந்தது. காசே பார்க்காதவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

சின்ன சோதனைதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் இவ்வளவு பேச மாட்டேன். 1999இல் டெசியும் இரண்டு சக ஆய்வாளர்களும் இதே கேள்வியைக் கேட்ட 128 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தானாகவே ஆர்வம் இருக்கும் வேலைக்கு "இதைச் செய்தால் இது தருவேன்" என்று பேரம் வைத்தால், அந்த ஆர்வம் சராசரியாகக் குறைகிறது என்று வந்தது. சலிப்பான வேலைக்கு இது பொருந்தாது. அதில் குறைய ஆர்வமே இல்லையே. பாத்திரம் கழுவக் காசு கொடுத்தால் பாத்திரத்தின் மேல் இருந்த காதல் போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்குத் தாவுகிறார்கள். "பார்த்தாயா, கலையை விற்கக் கூடாது" என்பார்கள். பெண்கள் வீட்டிலிருந்து சம்பாதிக்கும்போது மட்டும் இந்தத் தத்துவம் நிறையவே வரும். அதை நம்பி ஆர்டரை நிறுத்திவிடாதீர்கள். பெண்ணின் பள்ளிக் கட்டணம் சின்ன விஷயம் இல்லை. டெசி பிறகு ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளரோடு சேர்ந்து பல வருடம் வேலை செய்து சொன்னது இதைவிட நுட்பமானது. காசு கெடுக்கிறதா இல்லையா என்பது காசில் இல்லை. அது கூடவே எதைக் கொண்டுவந்தது, எதைப் பிடுங்கிக்கொண்டு போனது என்பதில் இருக்கிறது. மனிதனுக்கு மூன்று மனப்பசி உண்டு என்றார்கள் அவர்கள். என் விருப்பப்படி செய்கிறேன் என்ற தன்னுரிமை. எனக்கு வருகிறது, இன்னும் நன்றாக வருகிறது என்ற கைத்திறன். என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உறவு. மூன்றும் கிடைத்தால் ஆர்வத்தை யாரும் ஊட்ட வேண்டாம், அதுவாக ஊறும். கிடைக்காவிட்டால் எத்தனை ஊக்கப் பேச்சு கேட்டாலும் அன்று மாலையே இறங்கிவிடும்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தரம் படியுங்கள். முன்பு நீங்களே கோடு போட்டீர்கள். இப்போது பின்ட்ரெஸ்ட் படத்துக்கு டிரேஸ் எடுக்கிறீர்கள். முன்பு ஒவ்வொரு பிளவுஸிலும் ஒரு புதுத் தையல் படிந்தது. இப்போது அதே மயில், அதே கழுத்து, அதே சமிக்கி. முன்பு பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே தைத்தீர்கள். இப்போது இரவு ஒரு மணிக்கு நீங்களும் டியூப்லைட்டும், வாடிக்கையாளரின் "எப்ப ரெடி ஆகும்" வாய்ஸ் மெசேஜும்தான். தொழிலாக மாறியபோது இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவிவிட்டன. பணம் வந்ததால் மட்டும் ஆர்வம் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்தக் குக்கர் விசிலைப் பற்றி ஒரு வார்த்தை, எனக்கு உங்கள் கடிதத்திலேயே பிடித்த வரி அதுதான். அந்த மறதிக்குப் பெயர் வைத்தவர் மிகாய் சிக்சென்ட்மிகாயி என்ற உளவியலாளர். அறுபதுகளில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்தார். வரையும்போது பசி தூக்கம் மறந்து கிடப்பார்கள். படம் முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அப்படியானால் அவர்களுக்கு வேண்டியது படமா, வரைவதா? இந்தக் கேள்வியோடு மலையேறுபவர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனமாடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடமும் பேசி 1975இல் எழுதினார். நேரம் மறந்துபோகும் அந்த நிலையை ஓட்டம் (ஃப்ளோ) என்றார். அது வருவதற்கு அவர் சொன்ன நிபந்தனை எளிமையானது. வேலையின் சவால் கையின் திறமைக்குச் சற்றே எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். மிக உயரமானால் பயம். மிகத் தாழ்வானால் சலிப்பு. ஏழு வருடம் ஊசி பிடித்த கைக்கு அந்த மயில் எப்போதோ தாழ்ந்துபோய்விட்டது. உங்கள் எரிச்சல் சோம்பேறித்தனம் இல்லை. கை வளர்ந்துவிட்டது, வேலை வளரவில்லை.

வருமானம் உயர்ந்தும் மகிழ்ச்சி உயரவில்லையே என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்துக்கு அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது. பழகிப்போவது மனதின் குணம். 1978இல் பிலிப் பிரிக்மன் குழுவினர் லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரைச் சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டார்கள். லாட்டரிக்காரர்கள் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன சந்தோஷங்களில் அவர்களுக்கு ருசியும் குறைந்திருந்தது. உங்கள் முதல் 10,000 ரூபாய் மாதம் எப்படி இருந்தது, போன தை மாதத்து 25,000 எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். கூடுதல் பணம் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும். அதுவே மனதையும் நிறைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைத்தான் விட வேண்டும்.

என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். தொழில் உங்களுடையது, நான் வெளி ஆள், கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலையை ஏற்றுங்கள். உளவியல் ஆலோசகர் விலையைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். ஆறு பிளவுஸில் வருவது ஐந்தில் வந்தால், அந்த ஆறாவது பிளவுஸின் இரவுகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். சிலர் போய்விடுவார்கள். பெரும்பாலும் அதிகம் பேரம் பேசி அதிகம் விரட்டுகிறவர்கள்தான் முதலில் போவார்கள்.

அடுத்து, படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வழி திறந்து வையுங்கள். உங்கள் சொந்தக் கையில் எட்டுப் பத்து மாதிரிகள் வரைந்து ஒரு ஆல்பமாக வைத்துக்கொள்ளுங்கள். "படத்தில் இருப்பது போலவே வேண்டுமென்றால் இந்த விலை, உங்கள் புடவை பார்டரைப் பார்த்து நானே வரைந்தால் இந்த விலை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் விலையைச் சற்றுக் குறைத்தே வைக்கலாம், ஆரம்பத்தில். ஐந்தில் ஒருவர் ஒப்புக்கொண்டாலும் போதும். எல்லா ஆர்டரும் ஆனந்தமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டெசியும் ரயனும்கூட அப்படிச் சொல்லவில்லை. விரட்டலுக்குப் பயந்து செய்வது ஒன்று, செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி குத்தும் என்று செய்வது ஒன்று, பிடிக்காவிட்டாலும் இதனால் நடப்பது எனக்கு முக்கியம் என்று ஒப்பிச் செய்வது ஒன்று, பிடித்தே செய்வது ஒன்று என்று அவர்கள் படி படியாகப் பிரிக்கிறார்கள். நன்றிச் சவாலில் நீங்கள் இருந்தது இரண்டாவது படி. பள்ளிக் கட்டணத்துக்காக மயில் போடும்போது மூன்றாவது படியில் நிற்கலாம். அது மரியாதையான இடம்தான். நான்காவது படிக்கு அந்த ஐந்தில் ஒன்று.

தனியாகத் தைப்பதை எப்படியாவது உடையுங்கள். இதை நான் மற்ற எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்வேன். செலிக்மன் 2011இல் நல்வாழ்வுக்கு ஐந்து கூறுகள் சொன்னார்: நல்ல உணர்ச்சி, ஈடுபாடு, உறவு, வாழ்வின் பொருள், சாதனை. நன்றிக் குறிப்பு முதலாவதைத்தான் நேராகத் தொடும். உங்கள் காலி இடம் ஈடுபாட்டிலும் உறவிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? வாரத்தில் இரண்டு மதியம் அவர் தன் ஃப்ரேமை எடுத்துக்கொண்டு உங்கள் திண்ணைக்கு வரட்டும், அல்லது நீங்கள் போங்கள். வேலை கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.

புதுத் தையல் ஒன்று கற்றுக்கொள்ள ஆடி மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லை, ஆர்டரும் குறைவு. மார்கழியில் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைக் கைப்பகுதியில் மணிகளாக இறக்க முடியுமா என்று எனக்கு ஒரு ஆசை. முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும், எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும்.

இதையெல்லாம் "செய்யணும்" என்று மனதில் வைத்துக்கொண்டால் நடக்காது. எப்போது, எங்கே என்று எழுதி வையுங்கள். உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் முந்தின இரவை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எங்கே எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்து வைத்தவர்கள், குறிக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் முடித்து அனுப்பினார்கள். ஆகவே "இனி சீக்கிரம் தூங்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "பத்தரை மணி பஸ் ஹாரன் கேட்டதும் ஃப்ரேமின் மேல் துணியைப் போட்டு மூடுவேன்" என்று எழுதுங்கள். உங்கள் ஊரில் பத்தரைக்கு எது கேட்குமோ அது.

இனி பெண். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் "வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துவிட்டு மறைவாகப் பார்த்தார்கள். முன்பே பேரம் பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பரிசு ஒன்றேதான், பேரம்தான் வித்தியாசம். "காசுக்காகப் போடுகிறேன்" என்று குழந்தை தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டால், "பிடித்ததால் போடுகிறேன்" என்ற பழைய காரணம் மறந்துபோகிறது.

அதனால் பத்து ரூபாயை நிறுத்துங்கள். தண்டனை மாதிரி நிறுத்தாதீர்கள். "கண்ணு, பூவுக்குக் காசு கொடுத்தது அம்மாவோட தப்பு, அது உன் விளையாட்டு. கைச்செலவுக்கு வாரம் தனியா தர்றேன், பூ போட்டாலும் போடாட்டியும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிறகு சில வாரம் அவள் ஊசியைத் தொட மாட்டாள். கண்டுகொள்ளாதீர்கள். மீதி மணிகளையும் துண்டுத் துணியையும் ஒரு டப்பாவில் போட்டு அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஒன்பது வயதில் ஒரு குழந்தை ஆரியை விட்டுவிட்டுச் சைக்கிளுக்குப் போவதும் நியாயம்தான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவள் கை நன்றாக வருகிறது என்று ஆர்டர் பிளவுஸில் உட்கார வைக்காதீர்கள், முகூர்த்த நெருக்கடியில்கூட.

கணவரைப் பற்றி நீங்கள் குறையாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் முடித்த பிளவுஸைக் காட்டினால் அவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. "எவ்வளவு கொடுத்தாங்க?" பெரும்பாலான வீடுகளில் இதுதான் கேள்வி, அதில் கெட்ட எண்ணமும் இல்லை. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004இல் எழுதிய ஆய்வுகளில், துணையின் நல்ல செய்திக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனித்தார். ஆர்வமாகக் கேட்டு அந்தச் சந்தோஷத்தை நீட்டிக்கிறவர்களின் உறவு நன்றாக இருந்தது. "ம், நல்லா இருக்கு" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்பவர்களின் உறவு அப்படி இல்லை. டெசியின் அந்த 1971 கட்டுரையிலேயே, காசு ஆர்வத்தைக் குறைத்த இடத்தில் பாராட்டுச் சொல் குறைக்கவில்லை என்றும் இருக்கிறது. இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். ஐயா, "பாசிட்டிவா இரு" என்பதற்குப் பதில் "இந்த மயிலுக்குக் கழுத்தை இப்படி எப்படித் திருப்பினே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அரை மணி நேரம் ஓடலாம். கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள்.

பச்சை பிளவுஸ் பாக்கி இருக்கிறது. இந்த வாரமே அதை எடுத்து முடியுங்கள் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதுவும் ஒரு ஆர்டர் ஆகிவிடும். பீரோவிலிருந்து எடுத்து, கண்ணில் படுகிற மாதிரி ஃப்ரேமுக்குப் பக்கத்தில் மடித்து வைத்தால் போதும். என்றைக்காவது ஒரு மதியம் அக்கா வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிறகைப் போடத் தோன்றினால் போடுங்கள். படத்தில் இருக்கும் நிறத்தில் போட வேண்டியதில்லை. முடிந்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். எனக்கும் அனுப்ப வேண்டாம்.